ஒரே கேம், இரண்டு வரிசை: மாதச் சந்தாவும் ஒருமுறை விலையும்

ஒரே ஆள் உருவாக்கிக்கொண்டிருக்கும் ஒரு கேமை இரண்டு வழியாகவும் காசு கொடுத்து வைத்திருக்கிறேன். முதலில் கடையில் விலை கொடுத்து வாங்கினேன். ரொம்பப் பிடித்துப்போனதால் அப்புறம் மாதச் சந்தாவிலும் சேர்ந்தேன். இப்போது என் கணினியில் அந்த கேம் இரண்டு ஃபோல்டர்களில் இருக்கிறது. ஒன்று வாங்கிய எல்லோருக்கும் வரும் பொதுப் பதிப்பு, மற்றது சந்தாதாரர்களுக்கு மட்டும் முன்கூட்டியே வரும் பதிப்பு. இரண்டையும் மாற்றி மாற்றி ஆடுகிறேன். அதனால் இது கேமைப் பற்றிய விமர்சனம் என்பதைவிட, அதை வாங்கும் இரண்டு ஏற்பாடுகளைப் பற்றிய விமர்சனம்.

கேமின் பெயரை எழுதவில்லை. சில குறைகளைக் கடுமையாகச் சொல்லப்போகிறேன். அவை இந்த ஒரு டெவலப்பரின் குறைகள் மட்டும் இல்லை. இதே முறையில் விற்கும் பலரிடம் இருப்பவை. தனி ஆளாக உழைப்பவரைப் பெயர் சொல்லிக் குறிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேம் என்னவென்றால், மலையடிவாரத்தில் ஒரு சின்னக் குடியிருப்பை வளர்ப்பது. ஆட்களுக்கு நேரடியாகக் கட்டளை போட முடியாது, எந்த வேலைக்கு முன்னுரிமை என்று மட்டும் சொல்லலாம். யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு இருட்டென்றால் பயம் என்பதெல்லாம் சேர்ந்துதான் அன்றைய வேலை எவ்வளவு நடக்கிறது என்று முடிவாகும். என் குடியிருப்பில் கொல்லனும் அவன் மைத்துனனும் சண்டை போட்டுக்கொண்டதில் கோடரி செய்வது நின்றுபோய், அந்தக் குளிர்காலம் முழுக்க விறகுக்குத் தவித்தார்கள். இப்படி ஒரு கதையை டெவலப்பர் எழுதி வைக்கவில்லை. விதிகள் ஒன்றோடொன்று மோதி அதுவாக முளைத்தது. இந்த வகை கேமில் அப்டேட் என்பது மேல்பூச்சு கிடையாது. புதிதாக ஒரு விதி சேர்ந்தால் பழைய விதிகள் அத்தனையும் வேறு மாதிரி நடக்க ஆரம்பிக்கும். கேமே மாறிவிடும். அப்படியிருக்க, யாருக்கு எந்தப் பதிப்பு எப்போது கிடைக்கிறது என்பதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் ஒருமுறை வாங்கும் வழி. இதில் தலைவலியே இல்லை. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கினால் அப்டேட் தானாக இறங்கிவிடும். சின்ன டெவலப்பர்கள் விற்கும் இட்ச் (itch.io) தளத்தில் வாங்கினால் உங்கள் கணக்கிலேயே இருக்கும். அதன் செயலியை வைத்திருந்தால் மாறிய பகுதியை மட்டும் இறக்கிக்கொள்ளும். ஸ்டீமில் பிடிக்காத கேமைத் திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பிவிடும். 2015 முதல் இந்த விதி இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் இப்படிப்பட்ட கேமை எடைபோட முடியாதுதான், ஆனாலும் உங்கள் கணினியில் ஓடுகிறதா, எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கின்றனவா என்றாவது பார்த்துவிடலாம்.

சந்தா அப்படி இல்லை. படைப்பாளிகளுக்கு ரசிகர்கள் மாதா மாதம் பணம் கட்டும் பேட்ரியான் தளத்தில் இந்த டெவலப்பர் சந்தா வாங்குகிறார். பணம் போன பிறகு ஒரு பதிவு வரும். அதில் ஒரு இணைப்பு, இணைப்பில் ஒரு ஜிப் கோப்பு. அதை இறக்கி, பிரித்து, பழைய ஃபோல்டர் மேலேயே கொட்டிவிடாமல் வேறு பெயரில் வைத்து, நம் ஆட்டம் பதிவாகியிருக்கும் சேவ் ஃபைலைத் தேடி எடுத்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் திறக்க வேண்டும். கணினியோடு பழகாதவர்களுக்கு இது பெரிய வேலை. இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஸ்டீமிலேயே கடவுச்சொல் போட்ட பீட்டா கிளை (சோதனைப் பதிப்புக்கான தனி வழி) ஒன்றை டெவலப்பர் திறந்து வைக்கலாம். கேமின் ப்ராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் என்ற இடத்தில் குறியீட்டைப் போட்டால் முன்பதிப்பு தானாக இறங்கிவிடும், வேண்டாம் என்றால் ஒரே சொடுக்கில் பொதுப் பதிப்புக்குத் திரும்பிவிடலாம். வேறு சில டெவலப்பர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஜிப் கோப்பு அனுப்புகிற முறைக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

ஆனால் ஜிப் கோப்புக்கு ஒரு நன்மையும் உண்டு. அது உங்கள் கையில் இருக்கும். சந்தா நின்ற பிறகும் அது திறக்கும், ஓடும். யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியாது.

பணம் யாருக்குப் போகிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் நிறையப் பேர் சந்தா கட்டுவதற்குச் சொல்லும் காரணமே அதுதான். ஸ்டீம் எடுத்துக்கொள்ளும் பங்கு 30 சதவீதம். பெரிய விற்பனை ஆனால் அது குறையும், ஆனால் அந்த வரம்பு 1 கோடி டாலரில் ஆரம்பிக்கிறது. தனி ஆள் கேமுக்கு அது எட்டாக்கனி. இட்ச் தளத்தில் எவ்வளவு பங்கு தருவது என்பதை டெவலப்பரே முடிவு செய்யலாம், அவர் எதையும் மாற்றாவிட்டால் 10 சதவீதம். பேட்ரியானில் 2025 ஆகஸ்டுக்குப் பிறகு புதிதாகப் பக்கம் தொடங்கும் படைப்பாளிகளிடம் 10 சதவீதம், அதோடு பணப் பரிமாற்றக் கட்டணமும் பிடிக்கிறார்கள். ஆக, சந்தாவில் கொடுத்தாலும் இட்ச்சில் வாங்கினாலும் பெரும்பகுதி உழைத்தவருக்கே போகிறது. நேராக அவர் கைக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் எண்ணம் என்றால், அதற்காகச் சந்தாவுக்கு வர வேண்டியதே இல்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பொதுப் பதிப்பில் ஒரு பிழை இருந்தது. முதல் பனி விழும் நாளில் குடியிருப்பின் வாசல் கதவு மூடியிருந்தால், வெளியே விறகு பொறுக்கப் போனவர்கள் கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். நீங்கள் கதவைத் திறந்தாலும் உள்ளே வரமாட்டார்கள். ஆட்கள் போகும் வழியைக் கணக்குப்போடும் பகுதி, பனி விழுந்ததும் நிலப்படத்தை ஒருமுறை புதுப்பிக்கிறது. அந்த நேரத்தில் மூடியிருக்கும் கதவைச் சுவர் என்று பதிந்துகொள்கிறது. அதற்கப்புறம் அது சுவர்தான். அந்த நிலையில் கேம் தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவ் ஓடிவிட்டால் தவறான பதிவு சேவ் ஃபைலுக்குள்ளேயே போய்விடும், திரும்ப லோடு செய்தும் பயனில்லை. கதவை இடித்துவிட்டு மறுபடி கட்டினால் சிலர் வருவார்கள். மற்றவர்கள் திறந்த வாசலைப் பார்த்தபடியே குளிரில் விறைத்துச் சாவார்கள். எத்தனையோ மணி நேரம் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள் அப்படிச் சாவது எவ்வளவு வலிக்கும் என்பது இந்த மாதிரி கேம் ஆடுபவர்களுக்குத் தெரியும்.

சந்தாதாரர் பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டார். மாற்றப் பட்டியலில் ஒரே வரி: பனிக்குப் பிறகு கதவுகளை வழிக்கணக்கு மறுபடி சரிபார்க்கும். அவ்வளவுதான். என்னுடைய சந்தா ஃபோல்டரில் ஆட்கள் ஒழுங்காக வீடு திரும்பினார்கள். கடையில் வாங்கிய ஃபோல்டரில் அதே ஆட்கள் வாசலில் செத்துக்கொண்டிருந்தார்கள். பொதுப் பதிப்பின் அடுத்த பெரிய வெளியீடு வரும்வரை இந்தத் திருத்தம் வாங்கியவர்களுக்கு வரவே இல்லை. அதற்குள் பருவங்கள் மாறிவிட்டன, கேமில் இல்லை, நிஜத்தில்.

புதிதாக வாங்கிய ஒருவர் கடைப் பக்கத்தில் இந்தப் பிழையைப் பற்றி ரொம்பப் பொறுமையாக, சேவ் ஃபைலையும் இணைத்து எழுதியிருந்தார். டெவலப்பரின் பதில், சந்தாதாரர் பதிப்பில் இது ஏற்கனவே சரியாகிவிட்டது என்பது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். ஆனால் வாங்கியவர் இடத்தில் நின்று அதைப் படித்துப் பாருங்கள். விலை கொடுத்தாயிற்று. வாங்கிய பொருள் பழுது. பழுது நீக்கியும் ஆகிவிட்டது. அதைக் கையில் வாங்க இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும். இதை எந்தப் பெயரிட்டுச் சொன்னாலும் நியாயமாக்க முடியாது.

டெவலப்பர் பக்கத்துக் காரணமும் எனக்குப் புரிகிறது. ஆடு மாடுகளைச் சேர்ப்பதற்காக வழிக்கணக்கு முழுவதையும் புதிதாக எழுதியிருந்தார். கதவுத் திருத்தம் அந்தப் புதுக் குறிமுறை மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பழைய பதிப்பில் போட வேண்டுமானால் தனியாக ஒரு தடவை எழுதி, தனியாகச் சோதித்து, தனியாக வெளியிட வேண்டும். இரண்டு கிளைகளை ஒரே ஆள் கட்டி இழுப்பது லேசான வேலை இல்லை. ஆனாலும், இரண்டு வரிசை வைத்து விற்பது என்று முடிவு செய்தவர் அவர். முன்பதிப்புக்குத் தனியாகக் காசு வாங்கும்போதே, பின்னால் இருக்கும் பதிப்பைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிடுகிறது. புது அம்சங்களை முன்கூட்டிக் காட்டுவதற்குப் பணம் கேட்கலாம், நான் சந்தோஷமாகக் கொடுப்பேன். சேவ் ஃபைலைக் கெடுக்கிற, ஆட்களைக் கொல்கிற பிழைக்கான திருத்தம் மட்டும் இரண்டு வரிசைக்கும் ஒரே நாளில் போக வேண்டும். முடியாது என்றால் சந்தாதாரர் வெளியீட்டைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும்.

சந்தாதாரர் என்ற முறையில் எனக்கு என்ன கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். உண்மையில் நிறையக் கிடைத்தது. ஆடுகள் முதன்முதலாக வந்த பதிப்பில், அவை கூரை மேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் நின்றன. தானியக் கிடங்கின் கூரையில் ஏழெட்டு ஆடுகள் வரிசையாக நிற்க, மேய்ப்பன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நாள் முழுவதும் நின்றான். டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் சந்தாதாரர்களுக்கான அறையில் சேவ் ஃபைலோடு எழுதினேன். கூரையின் சரிவை வழிக்கணக்கு மேலேறும்போது மட்டும் அனுமதிக்கிறது, இறங்கும்போது பார்ப்பதில்லை என்று அவரே கண்டுபிடித்துப் பதில் எழுதினார். அடுத்த பதிப்பில் ஆடுகள் இறங்கின. கூடவே மேய்ப்பனுக்குக் கூரை ஏறி விரட்டும் வேலையும் வந்திருந்தது. ஒரு கேம் கண்முன்னே உருவாவதை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி. சந்தாவின் உண்மையான விலைமதிப்பு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதே சமயம், முன்பதிப்பை ஆடுவது சலுகை மட்டும் இல்லை, உழைப்பும்தான். பாதி வெந்த பதிப்புகள் வரும். அவை அடிக்கடி நின்றுபோகும். முந்தின மாதச் சேவ் இந்த மாதம் திறக்காது. பொதுப் பதிப்பு ஒப்பீட்டளவில் உறுதியாக இருப்பதற்குக் காரணம், அதற்கு முன்னால் நாங்கள் விழுந்து எழுந்ததுதான். சந்தாதாரர் கூடுதல் பணமும் கொடுத்து, சோதிக்கும் வேலையையும் செய்கிறார். அதனால் அவருக்கு முன்வரிசை கிடைப்பது எனக்கு நியாயமாகவே தெரிகிறது. வாங்கியவர்களில் சிலர், ஒரே விலை கொடுத்தவர்களுக்குள் என்ன பாகுபாடு என்று கோபப்படுகிறார்கள். விலை ஒன்றில்லை, வாங்கும் பொருளும் ஒன்றில்லை. நேரம் முந்திக் கிடைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

இன்னொரு விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் கேமின் தலையெழுத்தையே மாற்றக்கூடியது. மாதா மாதம் பணம் வருகிறது என்றால் மாதா மாதம் எதையாவது காட்டியாக வேண்டும். வெறும் பதிவு போட்டால் சிலர் விலகிவிடுவார்கள். ஒரு மாதம் சேர்ந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு கிளம்புபவர்களும் உண்டு. அவர்களைத் தக்கவைக்கவும் ஏதாவது வேண்டும். அதனால் படம் பிடித்துக் காட்டக்கூடிய வேலைகள் முன்னால் வருகின்றன. புது விலங்கு, புது உடை, புதுப் பருவம். சேவ் முறையை உறுதியாக்குவது, நிறைய ஆட்கள் சேர்ந்தால் கேம் திணறுவதைச் சரிசெய்வது போன்றவை பின்னால் போகின்றன, ஏனென்றால் அவற்றை ஸ்கிரீன்ஷாட்டில் காட்ட முடியாது. இந்த கேமில் கிடங்கை நிர்வகிக்கும் திரை இன்றுவரை பரிதாபமாக இருக்கிறது. எந்தப் பொருள் எந்த அறையில் என்று தேடுவதற்கு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்க்க வேண்டும். சந்தாதாரர்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்: அடுத்தது கிடங்குத் திரையா, ஓநாய்களா? ஓநாய்கள் ஜெயித்தன. நான் கிடங்குக்குத்தான் போட்டேன். ஆனால் அந்த வாக்கெடுப்பில், கடையில் வாங்கிய யாருக்கும் இடமே இல்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் பல மடங்கு அதிகம், கிடங்குத் திரையோடு தினமும் மல்லுக்கட்டுவதும் அவர்கள்தான்.

ஒருமுறை விலை என்ற ஏற்பாட்டுக்கும் அதற்கே உரிய கோணல் உண்டு. அப்டேட் இலவசம் என்றால் அதற்கான காசு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். புதிதாக வாங்குபவர்களிடமிருந்து வருகிறது. ஸ்டார்ட்யூ வேலி என்ற கேம் 2016-இல் வந்தது, அதன் 1.6 அப்டேட் 2024 மார்ச்சில் இலவசமாக வந்தது. டெராரியா 2011-இல் வந்தது, 2020-லும் 1.4 என்ற மாபெரும் அப்டேட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். நோ மேன்ஸ் ஸ்கை 2016 முதல் இன்றுவரை கட்டணம் கேட்காமல் வளர்கிறது. இவற்றைக் காட்டி, அவர்களால் முடிகிறது உங்களால் முடியாதா என்று சின்ன டெவலப்பர்களைக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் அந்த கேம்களுக்குப் புது வாங்குபவர்களை அலை அலையாகக் கொண்டுவருகிறது. டெராரியாவும் ஸ்டார்ட்யூவும் கோடிக்கணக்கில் விற்றவை. சில ஆயிரம் பிரதிகள் மட்டும் விற்ற ஒருவருக்கு அந்த அலை வராது. பழைய வாங்குபவர்களுக்காகவே உழைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு வருமானம் நின்றுவிடும். ஒரு நாள் அப்டேட்டும் நின்றுவிடும். மெதுவாக வளரும், கூட்டம் சேராத கேமுக்குச் சந்தா என்பதுதான் நேர்மையான வழி என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

தொழிற்சாலை கட்டும் கேமான ஃபேக்டோரியோவை உருவாக்கியவர்கள் செய்தது எனக்குப் பிடித்த மூன்றாவது வழி. தள்ளுபடியே கிடையாது என்று ஆரம்பத்திலேயே சொல்லி, அதில் உறுதியாக நின்றார்கள். 2024 அக்டோபரில் 2.0 பதிப்பின் மேம்பாடுகளை ஏற்கனவே வாங்கிய எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஸ்பேஸ் ஏஜ் என்ற விரிவாக்கத்தைத் தனி விலைக்கு விற்றார்கள். அடிப்படைச் சீர்திருத்தம் எல்லோருக்கும், புது உலகம் விரும்பிக் காசு கொடுப்பவர்களுக்கு. கோடு எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்திருக்கிறது. நான் சொல்லும் கதவுப் பிழை அவர்கள் கையில் இருந்திருந்தால் இலவசப் பக்கத்தில்தான் விழுந்திருக்கும்.

இதே மாதிரி குடியிருப்பை வளர்க்கும் டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கேமைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி இருவரும் 2006-இல் அதை இலவசமாக வெளியிட்டு, வாசகர் நன்கொடையைப் போல ஆடுபவர்கள் அனுப்பிய பணத்திலேயே பல வருடம் காலம் தள்ளினார்கள். பின்னாளில் பேட்ரியானும் சேர்ந்தது. பணம் அனுப்பியவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? கிரேயானில் வரைந்த ஒரு படம், அல்லது அவர்களுக்காக எழுதிய ஒரு குட்டிக் கதை. கேமில் எந்த அம்சத்தையும் முன்கூட்டிக் கொடுக்கவில்லை. காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே நாளில் ஒரே பதிப்பை இறக்கினார்கள். இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

ஆனால் அந்த வழியின் மறுபக்கமும் நமக்குத் தெரியும். மருத்துவச் செலவுக் கவலை வந்தபோது, அந்த நன்கொடை வருமானம் போதாது என்று 2019-இல் ஸ்டீமில் விற்கப்போவதாக அறிவித்தார்கள். கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் என்ற நிறுவனம் வெளியிட, 2022 டிசம்பர் 6 அன்று படங்களும் இசையும் சேர்ந்த பதிப்பு வந்தது. அதற்கு முன்பு மாதம் சுமார் 15 ஆயிரம் டாலர் வந்துகொண்டிருந்த இடத்தில், 2023 ஜனவரியில் 70 லட்சம் டாலருக்கு மேல் வந்ததாக அவர்களே கணக்கு வெளியிட்டார்கள். பதினாறு வருடம் சந்தாவும் நன்கொடையும் உயிரோடு வைத்திருந்த கேமுக்கு, ஒருமுறை விலைதான் நிம்மதியைக் கொடுத்தது. அந்தப் பதினாறு வருடம் இல்லாவிட்டால் விற்பதற்கு கேமே இருந்திருக்காது. இலவசமான கிளாசிக் பதிப்பை அதற்கப்புறமும் நிறுத்தவில்லை. இரண்டு வருமானமும் எதிரிகள் என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஃபின்லாந்தில் உருவாகும் அன்ரியல் வேர்ல்ட் என்ற கேம் 1992-இல் முதலில் வந்தது, இன்னும் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது. அங்கே காசு கொடுப்பவர்களுக்குப் புதிய பதிப்பு, கொடுக்காதவர்களுக்குப் பழைய பதிப்பு இலவசம். இதுவும் இரண்டு வரிசைதான். ஆனால் பின்வரிசையில் இருப்பவர் பணமே கொடுக்கவில்லை என்பதால் அங்கே யாருக்கும் மனக்குறை வர இடமில்லை. நான் ஆடும் கேமில் பின்வரிசையில் இருப்பவரும் முழு விலை கொடுத்தவர். சிக்கலே அங்கேதான்.

வாக்குறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைன்கிராஃப்டை 2010 டிசம்பர் 20-க்கு முன்பு வாங்கியவர்களுக்கு இனி வரும் எல்லாமே இலவசம் என்று சொல்லியிருந்தார்கள்; பீட்டா தொடங்கியதும் புதிதாக வாங்குபவர்களுக்கு அந்த வார்த்தையைத் தரவில்லை. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விண்வெளி கேமை 2013 ஏப்ரல் முடிவதற்குள் வாங்கியவர்களுக்குப் பின்னால் வந்த விரிவாக்கங்களும் இலவசமாகக் கிடைத்தன, அதுவும் 2017-இல் கேம் கைமாறிய பிறகும். இரண்டிலும் எனக்குப் பிடித்தது, தேதி. எந்த நாள்வரை வாங்கினால் என்ன கிடைக்கும் என்று எழுத்தில் இருந்தது. யாரும் யூகிக்க வேண்டியதில்லை. நான் ஆடும் கேமின் கடைப் பக்கத்தில், வாங்கினால் எதிர்கால அப்டேட் எல்லாம் கிடைக்கும் என்று மட்டும் இருக்கிறது. சந்தாதாரர்களுக்குக் கிடைத்து எத்தனை நாள் கழித்துக் கிடைக்கும் என்று இல்லை. அப்படி இரண்டாவது வரிசை ஒன்று இருக்கிறது என்பதே அந்தப் பக்கத்தில் இல்லை. வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது. நான் டெவலப்பரிடம் வைத்த முதல் கோரிக்கை இதுதான்: கடைப் பக்கத்திலேயே, விலைக்குப் பக்கத்தில், புதுப் பதிப்பு சந்தாதாரர்களுக்கு வந்து இத்தனை வாரத்தில் உங்களுக்கு வரும் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆறு வாரம் என்றால் ஆறு வாரம். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆறு வாரம் என்று நம்பி ஆறு மாதம் காத்திருக்க வைக்கும்போதுதான் சண்டை வருகிறது.

அவர் கேட்டுக்கொண்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அண்மையில் சந்தாதாரர் பதிவுகளின் தலைப்பிலேயே பொது வெளியீட்டுக்கான தேதியைப் போட ஆரம்பித்திருக்கிறார். கடைப் பக்கத்தில் இன்னும் எழுதவில்லை. பிழைத் திருத்தத்தைத் தனியாக முன்கூட்டி வெளியிடுவது பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். கதவுப் பிழை இதை எழுதும்போது பொதுப் பதிப்பிலும் சரியாகிவிட்டது.

யார் எதை வாங்கலாம்? கேம் எப்படி இருக்கிறது என்றே தெரியாதவர் கடையில் வாங்குங்கள், அதுவும் திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்குங்கள். ஒரு குடியிருப்பை ஆரம்பித்து நீண்ட நாள் நிம்மதியாக வளர்க்க விரும்புகிறவருக்கும் பொதுப் பதிப்பே நல்லது. சந்தாதாரர் பதிப்பில் உங்கள் குடியிருப்பு அடிக்கடி பாதியில் கைவிடப்படும். டெவலப்பரோடு பேசவும், பிழை கண்டுபிடித்து எழுதவும், அரைகுறையாக இருப்பதை ரசிக்கவும் முடிந்தவருக்குச் சந்தா நல்ல பேரம். வெறுமனே புதுசை முதலில் பார்க்கும் ஆசைக்காக மட்டும் சேர வேண்டாம். காத்திருந்தால் அதே பொருள் இன்னும் பதமாக உங்களுக்கே வரும். கடையில் ஒருமுறை விலைக்கு, பத்துக்கு எட்டு கொடுப்பேன், அந்த ஒளித்து வைத்த கால இடைவெளிக்காக இரண்டைக் கழித்து. சந்தாவுக்கு ஏழு. வாக்கெடுப்பில் வாங்கியவர்களையும் சேர்த்து, ஜிப் கோப்பை விட்டு ஸ்டீம் கிளைக்கு மாறினால் அது ஒன்பதாகும்.

சந்தாவை நிறுத்த நினைப்பவர்களுக்கு: கட்டின காலம் முடியும்வரை பதிவுகளைப் பார்க்கலாம், ஆனால் முடிந்ததும் பழைய இணைப்புகளும் டிஸ்கார்ட் அறையும் சேர்ந்தே மூடிவிடும். அதனால் நிறுத்துவதற்கு முன்பே கடைசி ஜிப் கோப்பை இறக்கி வையுங்கள். சந்தாதாரர் பதிப்பில் செய்த சேவ், பின்னால் இருக்கும் பொதுப் பதிப்பில் திறக்காது. பொதுப் பதிப்பு அதே எண்ணை எட்டும்வரை அந்தக் குடியிருப்பை அந்த ஜிப்பில் மட்டும்தான் ஆட முடியும். சேவ் ஃபோல்டரை எந்தப் பதிப்பு என்று பெயரில் எழுதி வேறு இடத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பதிப்பும் ஒரே சேவ் ஃபோல்டரைத்தான் பயன்படுத்துகின்றன, ஒன்றைத் திறக்கும்போது மற்றதன் ஆட்டோசேவை மேலெழுதிவிடும் வாய்ப்பு இருக்கிறது. இதையும் டெவலப்பருக்கு எழுதியிருக்கிறேன்.